சீகேம் ஊரார் செய்த தேர்வு



வேதாகமத்தில் தேர்தல் உண்டா என்று யாராவது கேட்டால், கிட்டத்தட்ட உண்டு என்பேன். நியாயாதிபதிகள் புத்தகத்தின் 9-ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். இஸ்ரவேலை வழிநடத்திய கிதியோன் இறந்துபோகிறார். அவருடைய மகன்களில் ஒருவனான அபிமெலேக்குக்கு ஆட்சி ஆசை வருகிறது. தாய் பிறந்த ஊரான சீகேமுக்குப் போகிறான். தாய்மாமன்மார் அவனுக்காக ஊரில் பேசுகிறார்கள். நான் உங்கள் ரத்தம் என்பதுதான் அவன் முன்வைக்கும் ஒரே தகுதி. ஊர்ப் பெரியவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. நம்ம பையன் என்று மனம் சாய்கிறது. கோவில் பணத்திலிருந்து 70 வெள்ளிக்காசு எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் அவன் அடியாட்களைச் சேர்த்துக்கொண்டு, தன் சகோதரர்களை ஒரே கல்லின் மேல் வைத்துக் கொல்கிறான். அதன் பிறகும் ஊர் கூடி அவனை அரசனாக்குகிறது.

தப்பித்த கடைசித் தம்பி யோதாம், கெரிசீம் மலைமேல் ஏறி நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவமரத்தைக் கேட்டன, என் எண்ணெயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரமும் திராட்சச்செடியும் அப்படியே மறுத்தன. கடைசியில் முட்செடியைக் கேட்டன. அது உடனே சம்மதித்தது. கதையின் முட்செடி அபிமெலேக்குதான். மூன்றே வருடத்தில் சீகேமைத் தன் கையாலேயே அழித்தான் அபிமெலேக்கு. கோட்டைக்குள் ஒளிந்த ஏறக்குறைய ஆயிரம் ஆண்களும் பெண்களும் தீயில் மாண்டார்கள்.

கிறிஸ்தவர்கள் யாருக்கு வாக்களிப்பது என்ற கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. எந்தக் கட்சியின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. எப்படி யோசிப்பது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில், ராஜாவாக மறுத்த அந்த நல்ல மரங்கள். அரசியல் சாக்கடை, விசுவாசிக்கு அது எதற்கு என்ற பேச்சை நம் ஜெபக்கூட்டங்களில் கேட்கிறோம். ஆனால் சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசு கருவூலத்திலிருந்து வருகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வரும் பலருடைய வீட்டில் ரேஷன் அரிசிதான் வேகிறது. இவ்வளவையும் பெற்றுக்கொண்டு, அதை நடத்துகிறவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் அசுத்தம் என்று ஒதுங்குவது பரிசுத்தமாகாது. ஒதுங்கியவர்களின் இடத்தில் முட்செடி வந்து உட்காரும்.

அடுத்தது, நம்ம ஆள் என்கிற வாதம். தேர்தல் நேரத்து ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரசங்கம் தொடங்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டையோடு வேட்பாளர் உள்ளே வருவார். முன்வரிசை பெஞ்சில் இடம் ஒழியும். ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபிப்பார், பொருளாளர் பொன்னாடை போர்த்துவார். வாசலில் வேட்பாளர் வாக்குறுதி தருவார்: கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், ஆலயத்துக்கு முன்னால் உயர்கோபுர விளக்கு. அவர் கிறிஸ்தவராக இருந்துவிட்டால் வேறு கேள்வியே எழாது.

ஆனால் வேதாகமத்தைப் பாருங்கள். நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை அபகரித்த ஆகாப், இஸ்ரவேலின் சொந்த அரசன். சிறைப்பட்டிருந்த யூதர்களை எருசலேமுக்குத் திரும்ப அனுப்பி, ஆலயம் கட்ட வழிவிட்ட கோரேசு, வேறு தெய்வங்களை அறிந்த பெர்சிய அரசன். தன் ஜனத்தில் பிறந்தவன் ஏழையின் நிலத்தைப் பறித்தான்; வெளியார் ஒருவர் விடுதலை கொடுத்தார். வேதாகமம் இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பெயருக்கு முன்னால் ஜான், ஜோசப் என்று இருப்பதை மட்டும் பார்த்து வாக்களிக்கிறவர் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறார்.

நம்ம ஆள் என்பது மட்டும் போதாது என்பதை நம் முன்னோர் நன்றாக உணர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் 1919, 1935 சட்டங்களின் கீழ் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தனி இடங்கள் இருந்தன. சேலத்தில் பிறந்த கே.டி. பால், கிறிஸ்தவருக்குக் கிறிஸ்தவரே வாக்களிக்கும் அந்த ஏற்பாட்டை எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் வங்காளத்துக் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜியும், லொயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அடிகளாரும், மத அடிப்படையில் ஒதுக்கீட்டு இடங்கள் வேண்டாம் என்ற நிலைப்பாட்டை ஆதரித்தார்கள். 1949 மே மாதம் அது முடிவானது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தனக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, எல்லோரோடும் சேர்ந்து எல்லோருக்கும் பொதுவான பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றது. எனக்கு இது பெருமைக்குரிய சரித்திரம். அந்த முடிவை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்ம ஆள் என்று மட்டும் தேடினால், விட்டுக்கொடுத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

அதற்காக, கிறிஸ்தவர்கள் தங்கள் கவலைகளைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2002-இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது; 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. வாக்குக்கு என்ன பலம் என்று சபைகள் அப்போது கண்டன. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் பட்டியல் சாதி உரிமை இல்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேட்பாளரிடம் இதைக் கேட்பது நியாயம். ஆனால், கேள்வி அங்கேயே முடிந்துவிடக் கூடாது. சபைக்கு வராதவர்களின் கதி என்ன? சாக்கடைக் குழிக்குள் இறங்கும் தொழிலாளி, செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பம், பேருந்து இல்லாத ஊரிலிருந்து பள்ளிக்கு நடக்கும் பிள்ளை. இவர்களுக்கு இந்த வேட்பாளர் என்ன செய்திருக்கிறார்? என் மனதில் முதல் கேள்வி இதுதான். சுற்றுச்சுவர் கடைசியில் வரட்டும். அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு நல்ல சமாரியன் கதையைப் பதிலாகச் சொன்ன பிறகு, நமக்கு வேறு வரிசை இருக்க முடியாது.

ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்க்க ஓர் அளவுகோலும் இருக்கிறது. மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ ஒரு யோசனை சொன்னார். திறமை உள்ளவர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசை இல்லாதவர்கள், இப்படிப்பட்டவர்களைத் தலைவர்களாக வை என்றார். எத்திரோவே மீதியான் தேசத்து ஆசாரியர் என்பதை மறக்க வேண்டாம். இந்த நான்கில் இரண்டையாவது நாம் காகிதத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். பேரன் பேத்தி கையில் செல்போன் இருந்தால் ஒரு சாயங்காலம் போதும். என்ன வழக்கு, எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று எழுதியிருக்கும். போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கையும், நிலமோசடி வழக்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், பிரிவைப் பாருங்கள். சொத்து, கடன், வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கி எல்லாம் இருக்கும். போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தோடு ஒப்பிட்டால் சொத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் புரியும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப் பட்டுவாடா புகாரால் தேர்தலையே நிறுத்தினார்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுவோம் என்று நம்மவர்களும் சொல்கிறார்கள். கவரை வாங்கிய கையோடு அது வாக்குறுதியாகிவிடுகிறது. வாக்குறுதியை மீறுவதா, மனசாட்சியை மீறுவதா என்ற இடத்தில் நாமே போய் ஏன் நிற்க வேண்டும்? சட்டப்படி வாங்குவதும் குற்றம்தான். வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வறுமையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நோட்டு ஒரு வாரச் செலவு என்பது எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லும் முன், அந்த வாரம் சபை அவளுக்கு என்ன செய்தது என்று மூப்பர்கள் யோசிக்க வேண்டும்.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னாருக்குப் போடாவிட்டால் கடவுளின் கோபம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவில் முறைகேடான செயல். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் அப்படியே. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் விரிவாக்கி, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதையும் அதில் சேர்த்தது. சட்டம் இல்லாவிட்டாலும் இதுவே சரி. பிரசங்க பீடத்திலிருந்து நியாயம், இரக்கம், உண்மை பற்றிப் பேசலாம், பேசவேண்டும். சின்னத்தை அங்கே வைக்கக் கூடாது. அதேபோல் வீட்டுத் தலைவர் சொன்னதுதான் வீட்டின் வாக்கு, ஊர்க்கமிட்டி சொன்னதுதான் ஊரின் வாக்கு என்பதும் கூடாது. நியாயத்தீர்ப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கணக்குக் கொடுக்கப்போகிறோம். மறைவான வாக்கு என்பதும் அதற்குப் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

இன்னொன்றை வேதனையோடு சொல்கிறேன். நம் திருமண்டலத் தேர்தல்களில் என்ன நடக்கிறது? அணி, சாதிக் கணக்கு, விருந்து, வழக்கு, நீதிமன்றம் நியமித்த நிர்வாகி. திருமண்டலப் பெருமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது சீகேம் ஊராரைப்போல நடந்துகொண்டு, சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் எத்திரோவைப்போல யோசிக்க முடியுமா? வாலிபர்கள் முதலில் வாக்குரிமையைப் பழகும் இடம் சபைதான். அங்கே ஒரு வேட்பாளர் தன் வரவு செலவை வெளிப்படையாக வைக்கும் வழக்கத்தை ஒரு சேகரம் தொடங்கினாலும் போதும், நான் மகிழ்வேன்.

வாக்கு எண்ணி முடிந்தபின் வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஜெயித்தவருக்காக, அவர் நாம் வாக்களிக்காதவராக இருந்தாலும், பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆலய அறிவிப்பில் ஸ்தோத்திரக் கூட்டத்தோடு அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். வேட்பாளரிடம் கேட்ட கேள்வியை அங்கே மனுவாக எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.