பனிமூட்டமும் மின்னிசையும்

திம்புள்ளைப் பள்ளத்தாக்கில் பிற்பகல் சாய்ந்ததும் மூடுபனி இறங்கத் தொடங்குகிறது. முதலில் எதிர்மலை மறைகிறது. அடுத்துத் தேயிலைச் செடிகளிடையே நிற்கும் நிழல்மரங்கள் மறைகின்றன. இறுதியில் லயத்துக் கூரைகளும் மறைந்துவிடுகின்றன. அவ்வேளையில் கோயில் மணி ஒலித்தால், அவ்வோசை எத்திசையிலிருந்து வந்தது, எப்பொழுது ஓய்ந்தது என்று திட்டமாகக் கூற இயலாது. அதில் தாளம் இல்லை, சொல்லும் இல்லை. ஆயினும் அதனைக் கேட்டோர் மனம் சிறிது நேரம் வேறோர் அமைதியில் நிற்கிறது.

இத்தகைய ஓசைகளைக் கொண்டே இசை அமைப்போர் உலகில் பலர் உளர். ஆங்கிலேயரான பிரையன் ஈனோ, 1978இல் விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, அவ்வகை இசையை 'ஆம்பியன்ட்' என்று அழைத்தார். தமிழில் அதனைச் சூழலிசை எனலாம். கூர்ந்து கேட்போர்க்கும், வேறு வேலையில் ஈடுபட்டவாறே கேட்போர்க்கும் அது ஒருங்கே பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்விசைக்குப் பெரிதும் துணை நிற்பது சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி. ஓசையை உள்ளிருந்தே உண்டாக்கி, அதன் உருவத்தை நம் விருப்பப்படி மாற்றித் தரும் கருவி அது.

மலையகத்து இளைஞர் ஒருவர்க்கோ இளம்பெண் ஒருத்திக்கோ இவ்விசையில் நாட்டம் பிறக்கிறது என்று கொள்வோம். கைப்பேசியில் கேட்டாயிற்று, இனித் தாமே இசைக்க வேண்டும். முதற் கருவியாக எதனை வாங்குவது? நகரத்துச் செல்வர்க்கு இது பொழுதுபோக்கான கேள்வி. தோட்டத்துக் குடும்பத்திற்கோ பெருங் கேள்வி. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதன் பின்னர்க் கூலி உயர்ந்தது உண்மை. விலைவாசியும் உடன் உயர்ந்தது. ஒரு கருவியின் விலை, தாய் பல வாரம் கொழுந்து பறித்த உழைப்பின் விலையாகும். வாங்கிய கருவி மூன்றாம் மாதமே கட்டிலின் கீழ் தூசு படியுமாயின், வீணாவது பணம் மட்டுமன்று. அடுத்த முறை அப்பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது வீட்டார் கொள்ளும் நம்பிக்கையும் வீணாகும். ஆகவே தேர்வு செய்யும் முறையைச் சற்று ஆராய்வது தகும்.

சூழலிசை அயல்நாட்டுப் பொருள் என்று தோன்றலாம். ஆயின் அதன் வேர் தமிழர்க்குப் புதியதன்று. நாதசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளலாம். அவர் இராகம் பாடுவதில்லை. ஒரே சுரத்தை மூச்சு அறாமல் நிறுத்துகிறார். அவர் இல்லையேல் நாதசுரம் நிற்க நிலமற்றுப் போகும். தம்புராவின் பணியும், சுருதிப் பெட்டியின் பணியும் அதுவே. நீண்டு நிற்கும் ஓசையின் உள்ளே நுண்ணிய அசைவுகளைக் கேட்டறியும் செவி இம்மரபில் என்றும் இருந்து வந்திருக்கிறது. சூழலிசை செய்ய விழைபவர் ஒத்துக்காரரின் பணியையே தம் முதற் பணியாகக் கொள்கிறார் எனலாம்.

சின்தசைசரும் இப்பகுதிக்குத் திரைப்பட வழியாக மட்டுமே வந்ததன்று. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் தம் முதற் கருவியை உருவாக்கினார். ஐந்தே ஆண்டுகளில், 1969இல், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவியொன்று அமைக்கப்பட்டது. அதனை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய் முதலானோர் அங்கு மின்னிசை படைத்தனர். பல ஆண்டுகள் மறந்து கிடந்த அந்நாடாக்கள் 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பெரிய நிறுவனம் ஒன்றே வாங்கக்கூடியதாயிருந்த கருவி, இன்று கையில் ஏந்தத்தக்க அளவிற்குச் சுருங்கிவிட்டது. விலை குறைந்தது, தேர்வுதான் கடினமாகிவிட்டது.

தேர்வுக்கு அடிப்படையாக ஒன்றை அறிதல் வேண்டும். எந்த ஓசைக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. தப்பில் குச்சி விழுந்ததும் ஒலி முழு வன்மையுடன் பிறந்து உடனே மடிகிறது. வீணையின் தந்தியை மீட்டினால் உடனே பிறந்து மெல்ல மெல்லத் தேய்கிறது. வயலினில் வில்லை இழுத்தால் மெதுவாக எழுந்து, வில் நிற்கும் வரை நிலைக்கிறது. சின்தசைசரில் இவ்வாழ்நாள் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது: எழுச்சி, எழுந்தபின் சிறு தாழ்ச்சி, நிலைப்பு, விரலை எடுத்தபின் தேய்வு. எழுச்சியையும் தேய்வையும் நீட்டினால், ஓசை மூடுபனிபோல வருவது தெரியாமல் வந்து, போவது தெரியாமல் போகிறது. இவற்றுடன் வடிப்பான் என ஒன்றும் உண்டு. ஓசையின் கூர்மையான பகுதியை அது வடித்து நிறுத்துகிறது. அதனைத் திறந்தால் ஓசை வெயில்போலத் தெளிகிறது. மூடினால் பனிக்குள் புகுந்ததுபோல மங்குகிறது. சூழலிசையின் பெரும்பகுதி இந்நான்கு நிலைகளிலும் இவ்வொரு வடிப்பானிலும் அடங்கிவிடுகிறது.

இனிக் கடைக்குச் செல்வோம். அங்கே இரு குலத்துக் கருவிகள் உள்ளன. முதற்குலம், கீபோர்டு என்று பொதுவாக வழங்குவது. 61 கட்டைகள், ஒலிபெருக்கி, நூற்றுக்கணக்கான ஆயத்த ஓசைகள், தாளங்கள் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. சான்றாக, காசியோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட சிடி-எஸ்300 என்பதில் 400 ஓசைகளும் 77 தாளங்களும் உள்ளன. திருமண வீட்டிலும் பஜனையிலும் பாட்டுக்குத் துணை வாசிக்க இது மிகப் பொருத்தம். இரண்டாம் குலம் சின்தசைசர். கோர்க் நிறுவனத்தின் மைக்ரோகோர்க், 2002இல் வந்தது. யமஹாவின் ரீஃபேஸ் வரிசை, 2015இல் வந்தது. இரண்டிலும் 37 சிறு கட்டைகளே உள்ளன; தோற்றத்தில் விளையாட்டுப் பொருள்போல இருக்கும். முதற்குலத்துக் கருவியோடு பக்கத்தில் வைத்தால், தந்தையர் எவரும் பெரியதையே கைகாட்டுவர். விலைக்கு ஏற்ற பொருள் அதுவே என்று அவர்க்குத் தோன்றுவது இயல்பு.

இவ்விடத்தில் திம்புள்ளை மக்கள் நன்கறிந்த ஒரு முறை உதவும். தேயிலையின் தரத்தைத் தீர்மானிப்பவர் எவ்வாறு சுவைக்கிறார்? சீனியும் பாலும் சேர்ந்தால் மட்டமான தூளும் இனிக்கும். ஆதலால் வெறுஞ்சாயத்தையே நாவில் இட்டுப் பார்க்கிறார். ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று வீசும் பருவத்தில் பறித்த கொழுந்தின் மணம், அவ்வெறுஞ்சாயத்தில்தான் தன்னை வெளிப்படுத்துகிறது. மின்னிசைக் கருவிக்கும் இதுவே முறை. கடைக்காரர் காட்டும் ஆயத்தப் பாட்டும், தானே ஓடும் தாளமும், எதிரொலி அலங்காரமும் சீனியும் பாலும் போன்றவை. அவற்றை நிறுத்திவிட்டு, ஒரே கட்டையை அழுத்தி, ஒரு நிமிடம் விடாது பிடித்துக் கேட்க வேண்டும். ஓசை செத்த கோடுபோல நிற்கிறதா, உள்ளே ஏதேனும் அசைகிறதா? அடுத்து, எழுச்சியையும் தேய்வையும் வடிப்பானையும் கையால் திருப்பி மாற்ற இயலுமா? அவற்றிற்குத் தனித் திருகுகள் உள்ளனவா, அல்லது சிறு திரையின் பல படிகளுக்குள் தேட வேண்டுமா? 400 ஆயத்த ஓசைகளைவிட, மாற்றத்தக்க ஓர் ஓசை சூழலிசைக்கு மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது சோதனை சுரங்களின் வளைவு பற்றியது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்திருந்த வரலாற்றை நேயர்கள் பலர் அறிவர். கட்டைக் கருவியில் சுரங்கள் தனித்தனிப் படிகளாக நிற்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் எழுவதில்லை என்பது அன்றைய வாதங்களுள் ஒன்று. அக்குறை மின்கருவியில் ஓரளவு நீங்குகிறது. இடக்கைப் பக்கம் அமைந்த சக்கரத்தையோ நெம்புகோலையோ அசைத்தால் சுரம் மேலும் கீழும் வளைகிறது. தமிழ்ச் செவிக்கு உகந்த இசை செய்ய விரும்புவோர், இவ்வசதி இல்லாத கருவியை எவ்வளவு மலிவாயினும் தவிர்த்தல் நலம்.

ஒரே வேளையில் எத்தனை சுரங்கள் ஒலிக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும். 1970இல் வந்த புகழ்பெற்ற மினிமூக் கருவியில் ஒரு வேளையில் ஒரு சுரமே ஒலித்தது. மைக்ரோகோர்க்கில் 4, ரீஃபேஸ் சிஎஸ் என்பதில் 8. தேய்வு நீண்ட ஓசைகளில் முதற் சுரம் மறைவதற்கு முன்பே அடுத்தது எழும். ஆதலால் எண்ணிக்கை குறைந்தால் பழைய சுரம் திடீரென அறுந்துபோகும். நான்கு இருந்தால் தொடங்கலாம். எட்டு இருந்தால் வசதி. கட்டைகளின் எண்ணிக்கை அவ்வளவு பெரிதன்று. விரைந்து வாசிக்க வேண்டாத இசைக்கு மூன்று ஸ்தாயி போதும்.

கருவி வைக்கப்படும் வீட்டையும் நினைத்தல் வேண்டும். பழைய லயங்களில் ஒரு குடும்பத்தின் சுவரே அடுத்த குடும்பத்தின் சுவர். விடியுமுன் எழுந்து மலைக்குச் செல்பவர் அப்புறம் உறங்குகிறார். ஆகவே காதில் மாட்டும் ஹெட்போனுக்கு இடமுள்ள கருவியே வேண்டும். அதற்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். மேற்கூறிய மைக்ரோகோர்க், ரீஃபேஸ் இரண்டும் 6 சிறு பட்டரிகளில் இயங்க வல்லவை. மழைக்காலத்து ஈரம் மற்றோர் எதிரி. அது கட்டைகளின் அடியிலுள்ள தொடுமுனைகளைக் கெடுக்கும். ஈரச் சுவரை ஒட்டி வைக்காமலும், அடுப்புப் புகை படாமலும், வாசித்தபின் உலர்ந்த துணியால் மூடியும் காத்தால் கருவி நெடுநாள் உழைக்கும்.

இவ்வளவும் கேட்டபின், வாங்கும் வசதியே இல்லை என்போர் மனம் தளர வேண்டியதில்லை. வீட்டில் நல்ல கைப்பேசியோ பழைய கணினியோ இருந்தால், விலையின்றிக் கிடைக்கும் சின்தசைசர் மென்பொருள்கள் உள்ளன. கணினியில் இயங்கும் சர்ஜ் என்பது அவற்றுள் ஒன்று. எழுச்சி, நிலைப்பு, தேய்வு, வடிப்பான் ஆகிய அனைத்தும் அதிலே உண்டு. ஆறு மாதம் அதில் பழகியவர்க்கு, தமக்கு வேண்டிய கருவி எது என்பது தாமே விளங்கும். பின்னர் 25 கட்டைகள் கொண்ட சிறு பலகையொன்றை மட்டும் வாங்கிக் கணினியுடன் இணைக்கலாம். 1983இல் பல நிறுவனங்கள் ஒருங்கு கூடி ஏற்ற மிடி என்னும் பொதுமுறையே, ஒருவர் செய்த கருவி மற்றொருவர் கருவியோடு பேசுவதற்கு வழி செய்தது. பழைய கருவி வாங்குவோரும் மிடி இணைப்பு உண்டா என்று பார்ப்பது நன்று.

வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதும் நல்வழியே. ஏ. ஆர். ரகுமானின் தந்தையார் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் சில காலம் வாழ்ந்தது. ஒரு வீட்டில் இசைக்கருவி சுமையாகவும் இருக்கலாம், சோறாகவும் இருக்கலாம். எதுவாக அமையும் என்பது, அதனை வாங்குமுன் செலவிடும் பொறுமையையும், வாங்கியபின் செலவிடும் உழைப்பையும் பொறுத்தது.

ஆதலின், முதற் கருவியைத் தேடுவோர் கடைக்குள் நுழையுமுன் மாலை வேளையில் ஒருநாள் வெளியே நின்று கேட்கட்டும். பள்ளத்தாக்கின் நீரோசை, தொலைவுக் கோயிலின் மணி, நானுஓயா நோக்கி மலையேறும் இரயிலின் நெடுங்குரல் ஆகிய இவற்றுள் எது எவ்வாறு எழுகிறது, எவ்வாறு தேய்கிறது என்று செவி பழகட்டும். அப்பழக்கத்தோடு சென்று, ஒரே கட்டையை அழுத்தி ஒரு நிமிடம் பொறுமையுடன் கேட்பவரைப் பளபளப்பும் விளம்பரமும் எளிதில் ஏமாற்ற இயலாது. அன்று வாங்காமலே திரும்பினும் குற்றமில்லை. தாம் தேடும் ஓசை எது என்று அறிந்தே அவர் வீடு திரும்புகிறார்.