அச்சமும் நகையும்



தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் நகையும் உண்டு, அச்சமும் உண்டு. இக்காலத்துத் தமிழ்ப் பேய்ப்படங்களிலே இவ்விரண்டையும் ஒரே கலத்தில் இட்டுப் பரிமாறுகிறார்கள். நகை புகுந்தால் அச்சம் கெடும் என்று சொல்வோர் உளர். அது முற்றும் உண்மையன்று. சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்திலே, அரசன் கொலையுண்ட சற்று நேரத்தில், குடிமயக்கம் தெளியாத வாயிற்காவலன் வந்து சிரிப்பூட்டுகிறான். அப்பொழுது வெளியே கதவு தட்டும் ஓசை கேட்கிறது. கதவைத் திறந்தாற் கொலை வெளிப்பட்டுவிடுமே என்று நம் நெஞ்சு படபடக்கிறது. அங்கே நகை, அச்சத்துக்குத் துணை நிற்கிறது.

ஆகவே, நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எவ்விடத்திலே சிரிக்கிறோம்? எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நகை தோன்றும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காகப் பிரித்தார். பிறரை எள்ளுதலும், இளமையும், பேதைமையும், மடமையும் அவை. இந்தப் பகுப்பை மனத்திற் கொண்டு, ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்து 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஞ்சனா' என்ற படத்தைப் பார்ப்போம்.

கதாநாயகன் பெரும் பயந்தாங்கொள்ளி. பொழுதுபட்டால் தாயின் துணையின்றி வெளியே கால்வைக்க மாட்டான். தாயாகக் கோவை சரளா நடித்திருக்கிறார். இங்கே எழும் சிரிப்பு பேதைமையிற் பிறப்பது, அதிலே குற்றமில்லை. நடுங்குகிறவன் ஒருவன் முன்னே நின்றால், பின்னே நிற்கும் நமக்கும் அந்த நடுக்கம் தொற்றும்.

பின்பு ஆவி அவன் உடலிற் புகுகிறது. அவன் நடையும் குரலும் மாறுகின்றன. சேலையிலும் வளையலிலும் மனம் செல்கிறது. வீட்டார் திகைக்கிறார்கள், படமாளிகையோ கைகொட்டிச் சிரிக்கிறது. ஆணொருவன் பெண்போல் ஒசிந்து நடப்பதைப் பரிகசிக்கும் பழைய கேலிதான் அது. இது எள்ளலிற் பிறந்த நகை.

பிற்பகுதியிலேதான் ஆவியின் வரலாறு தெரிகிறது. காஞ்சனா ஒரு திருநங்கை, பெற்றோரால் ஒதுக்கப்பட்டவள். தன்னைப் போன்ற இன்னொருத்தியைப் படிப்பித்து மருத்துவராக்குகிறாள். மருத்துவமனை கட்டுவதற்கென வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவன் அபகரித்து, அவளைக் கொன்றும்விடுகிறான். சரத்குமார் இப்பாத்திரத்தைக் கேலி சிறிதும் கலவாமல், பெருமிதம் தோன்ற நடித்திருக்கிறார். ஆனால், எந்த நடையைப் பார்த்துச் சற்றுமுன் சிரித்தோமோ, அந்த நடைக்காகவன்றோ அவளை உலகம் ஒதுக்கியது? இரக்கத்தைக் கேட்கும் வேளையிலே, படம் தன் கைம்முதலை முன்னரே செலவிட்டுவிட்டது. ஆவியின் சினம் நம்மை அஞ்சவைக்க வேண்டுமானால், அதற்கு இழைத்த அநீதி முதலில் நம் நெஞ்சைச் சுடவேண்டும்.

இவ்வளவை எங்கள் நாடகமேடை நன்கு அறிந்திருந்தது. சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களிலே, கோவில் வீதியில் விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகிய முதியோர்களைக் கேட்டுப் பாருங்கள். காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' அவர்களுடைய நினைவில் இன்றும் நிற்கும். அரிச்சந்திரன் கதையிலே சிரிப்புக்கும் இடமுண்டு. கடனை அறவிடவென்று கூடவே வந்து தொல்லை கொடுக்கும் நட்சத்திரேசன் அதற்கென அமைந்தவன். கடன் தீர்ந்ததும் அவன் போய்விடுகிறான். சந்திரமதி இறந்த மகனைச் சுமந்து சுடலைக்கு வரும்பொழுது அவனுக்கு அங்கே வேலையில்லை. இருளும், நெருப்பும், ஒரு தாயின் அழுகையுமே அங்கே உண்டு. அக்காட்சியின் நடுவே ஒரு கோமாளியை ஏற்றினால், சபையோர் அவனைப் பொறுப்பார்களா?

நகைச்சுவையின்றிப் படம் ஓடாது என்பது வியாபாரிகளின் வாதம். ஓடட்டும், 'காஞ்சனா'வும் நன்றாகவே ஓடியது. பேய்ப்படம் எடுப்போரிடம் நாம் வேண்டுவது சிறிதளவே: அஞ்சுகிறவனைப் பார்த்துச் சிரிக்க வையுங்கள், அநீதியால் மாண்டவரைப் பார்த்துச் சிரிக்க வையாதீர்கள். அவர் வாய்திறக்கும் நேரம் வந்ததும், நட்சத்திரேசனைப்போல நகைச்சுவையும் மேடையைவிட்டு இறங்கிவிடவேண்டும்.