கட்டிக்குள் காவல்காரர்கள்



மாரிகுப்பத்தில் இருமல் சத்தம் கேட்காத லைன் உண்டா? தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் சுரங்கத்தில் இறங்கிய பலருடைய மார்பில் கல்தூசு இன்னும் தங்கியிருக்கிறது. இந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். 1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,600 பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டார்கள். நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது.

தூசு உள்ளே போனால் ஏன் நோய் வருகிறது?

வீடு செங்கல்லால் ஆனது. உடம்பு செல்களால் ஆனது. அவற்றில் சில காவல் செல்கள். நுரையீரலில் விழுங்கும் செல்கள் என்ற காவல்காரர்கள் உண்டு. கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். கல்தூசைச் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்துவிடும். தூசு வெளியே வரும். அடுத்த செல் விழுங்கும். அதுவும் சாகும். ஓயாத இந்தச் சண்டையில் நுரையீரலில் தழும்பு விழுகிறது. மூச்சு வாங்குகிறது. காவல் குறைவதால் காசநோயும் எளிதில் பிடிக்கிறது. சிலிக்காத் தூசு புற்றுநோயையும் உண்டாக்கும் என்று 1997-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது.

புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இந்தக் காவல்காரர்கள் போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது?

உடம்பில் பழைய செல் சாகும். புதிய செல் பிறக்கும். சில சமயம் ஒரு செல் கட்டுக்கு அடங்காமல் பெருகும். டி செல் என்ற காவல்காரன் அதைக் கண்டுபிடித்துக் கொல்வான். தப்பித்த செல்தான் கட்டியாக வளர்கிறது.

தப்பித்த செல் இரண்டு தந்திரம் செய்கிறது.

ஒன்று: டி செல்லுக்கு லாரி போல ஒரு பிரேக் உண்டு. நல்ல உறுப்புகளைத் தாக்காமல் இருக்கவே அந்த பிரேக். புற்றுநோய் செல் அதை அழுத்திவிடும். காவல்காரன் பக்கத்திலேயே நிற்பான், கை ஓங்கமாட்டான்.

இரண்டு: காயம் ஆற உதவுவதும் விழுங்கும் செல்லின் வேலை. கட்டியையும் ஒரு காயம் போல நம்ப வைத்துவிடுகிறது புற்றுநோய். விழுங்கும் செல் அதற்குப் புது ரத்தக் குழாய் வளர உதவுகிறது. காவலுக்குப் போனவன் திருடனுக்கே சோறு போடுகிறான்!

ஆகவே, கட்டிக்குள் காவல் செல் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த வகை, என்ன செய்கிறது என்பதே முக்கியம். பெருங்குடல் புற்றுநோயில், கட்டிக்குள் டி செல்கள் நிறைய இருந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

அந்த பிரேக்கை விடுவிக்க வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன், ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த மருந்துகள் எல்லோருக்கும் பலிப்பதில்லை. சில சமயம் விடுபட்ட காவல்காரன் நல்ல உறுப்பையும் தாக்குவான்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி வென்றது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்லை எடுக்கிறார்கள். புற்றுநோயை அடையாளம் காண அதற்குக் கற்றுக்கொடுத்து, உடம்பில் திரும்ப ஏற்றுகிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. இது சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். வெளிநாட்டு விலையைவிட மிகக் குறைவு. ஆனாலும் பல லட்சம் ரூபாய்.

ஏழைக்கு எது வழி? சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான். கட்டி சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுப்பது எளிது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? "சுரங்கத்துத் தூசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சளியில் ரத்தம், வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, தீட்டு நின்ற பிறகும் ரத்தப்போக்கு இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூர். அங்கே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பீடியை இன்றே விடுங்கள்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நோயாளியை ஒதுக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

உடம்புக்குள் இருக்கும் காவல்காரன் ஏமாறலாம். வெளியே இருக்கும் காவல்காரர் நீங்கள். நீங்கள் ஏமாறாதீர்கள்.