மாரிகாலத்தில் ஓர் உலா



இலக்கிய நிகழ்ச்சியில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். 'உலா' என்ற பெயரில் நம்மிடம் ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. தலைவன் வீதியுலா வருவதைப் பாடுவது அது. அவன் ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் அவசரத்தோடு வருவதில்லை. வருவதே அதன் பயன். எங்கள் ஊர்ப் பேச்சில் 'உலாத்திறது' என்ற சொல்லிலும் அந்தப் பொருள் தங்கியிருக்கிறது. யானையும் தேரும் இல்லாத எங்களுக்கு அந்த உலாவைத் தந்தது சைக்கிள். அதிலும் மாரிகாலத்து உலாவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே கிடைத்துவிடுகிறது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு என்பதே மாரியில்தான் கண்ணுக்குத் தெரியும். சுண்ணக்கல் நிலம் குடித்த நீர் கிணறுகளில் ஏறி நிற்கும். வயலில் மழையை நம்பி விதைத்த நெல் பச்சை பிடித்திருக்கும். ஊரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இப்போதுதான் பார்க்கவேண்டும். பஸ்ஸில் போனால் கண்ணாடியை மூடிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போனால் துளிகள் ஊசியாய்க் குத்தும். மழையை மழையாகவே உணரக்கூடிய வேகம் சைக்கிளின் வேகந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறலாய் இருந்தால் நான் பருத்தித்துறை வீதியாற் புறப்படுவேன். கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், புத்தூர், ஆவரங்கால் தாண்டி வல்லைவெளி. அங்கே ஒதுங்க ஒரு மரமில்லை. வாடைக்காற்று முகத்தில் அறையும். பிடித்த குடை மறுபக்கம் மலரும். மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், போகும்போது அதை எதிர்த்து உழக்கினால், திரும்பும்போது அதுவே முதுகிற் கைவைத்துத் தள்ளிவிடும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடுவது நல்லதல்லவா?

இந்த உலாவுக்குச் சில நுணுக்கங்களும் உண்டு. நனைந்த ரிம்மிற் பிறேக் கட்டை உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்ல அழுத்தி நீரைத் துடைத்துவிட்டுத்தான் இறுக்கிப் பிடிக்கவேண்டும். ரயரில் உரசிச் சுழலும் டைனமோ ஈரத்தில் வழுக்கும், வெளிச்சம் மங்கும். ஆகவே பொழுதுபடுமுன் வீடு சேர வேண்டும். வெள்ளம் நிற்குமிடத்திற் பள்ளம் தெரியாது. இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை. செம்மண் மட்காட்டுக்குள் அடைந்தாற் சில்லுச் சுற்றாது. ஒரு குச்சியாற் கிண்டிவிடலாம். வீடு வந்ததும் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டால் துருப்பிடிக்காது.

நேயர்களே, மழையும் சைக்கிளும் எங்கள் தலைமுறைக்கு இன்பப் பொருள்களாக அறிமுகமாகவில்லை. 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில் விறகையும் மூட்டையையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த சனத்திரளில் நானும் 14 வயதுப் பிள்ளையாக இருந்தேன். ஹாண்டிலிற் பைகள், கரியரில் ஒரு பெட்டி, பாரிலே தங்கை. அப்பா சைக்கிளை உருட்டினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஏறி ஓட இடம் எங்கே இருந்தது?

அம்மாவுக்கு இன்றும் மழைக்குள் நான் சைக்கிளை எடுப்பது பிடிப்பதில்லை. "ஒரு வேலையும் இல்லாமல் ஆரும் மழைக்குள்ள சைக்கிள் உழக்குவினமோ?" என்பார். அந்தக் கேள்விக்குள் 1995 இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு வேலையும் இல்லாமல் மழைக்குள் போய், விரும்பிய இடத்தில் திரும்பி, அதே வீட்டுக்கு வந்து தலை துவட்டக்கூடிய நாள் எங்களுக்கு வந்திருக்கிறது. அதை அனுபவிக்காமல் விடுவது அந்த நாளை அவமதிப்பதாகும்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. எரிபொருள் வந்ததும் பல மீண்டும் மூலைக்கே போயின. தேவைக்காக மட்டும் பிடித்ததைத் தேவை தீர்ந்ததும் கைவிடுகிறோம். விருப்பத்தோடு பிடித்ததே நிலைக்கும்.

இலக்கியமும் அப்படித்தான். முல்லைக்குக் கார், மாலை; குறிஞ்சிக்குக் கூதிர், முன்பனி, யாமம் என்று மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். கார் என்பது ஆவணி, புரட்டாசி என்றும், எங்கள் மழை பெய்கின்ற ஐப்பசி, கார்த்திகை கூதிர் என்றும் நனைந்து பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நெடுநல்வாடையிற் கொள்ளி பிடித்துக் குளிரில் நடுங்கும் இடையரை வல்லைவெளியில் விறைத்த விரல்களுக்குத் தெரியும். செம்மண் ஒழுங்கையில் ஊரும் தம்பளப்பூச்சிதான் சங்கப் புலவர் பாடிய 'மூதாய்' என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்தவர் மறக்கமாட்டார்.

அகநானூற்றிற் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். கார்காலத்திற் காதலியிடம் திரும்பும் அவன், பூக்களிற் துணையோடு தாதுண்ணும் வண்டுகள் மருண்டுவிடுமே என்று அஞ்சித் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானாம். "அவசரமாய்ப் போறவருக்கு வண்டு எப்படி ரீச்சர் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மழை விட்ட நேரம் ஓர் ஒழுங்கையிற் சைக்கிளில் போய்ப் பார் என்றேன். அடுத்த வாரம் வந்து, "மணி அடிக்க மனம் வரேல்ல ரீச்சர்" என்றாள். அந்தப் பாட்டுக்கு அதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.