வீட்டில் ஒரு சிறு கடல்

கடலுயிரைக் கரைக்குக் கொண்டுவந்து வாழவைக்கும் விருப்பம் மனிதனுக்குப் புதிதன்று. 1846 ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள தோர்க்கீ என்னும் ஊரிற் கண்ட முருகை உயிர்கள் சிலவற்றை ஒரு கற்சாடியில் இட்டு இலண்டன் மாநகருக்குக் கொண்டு சென்றார். தேங்கிய நீரில் அவை நெடுநாள் வாழமாட்டா. ஆதலால் பணிப்பெண் ஒருத்தியைத் திறந்த சாளரத்தருகே நிறுத்தி, நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேலாக அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு ஊற்றுவித்தார். தேநீரை ஆற்றுவது போன்ற இவ்வெளிய செயலால் காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கலந்தது. அடுத்த ஆண்டிற் கடற்றாவரங்களையும் உடன் இட்டார். அவ்வுயிர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பெருகவும் செய்தன.

1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் மறு ஆண்டில் நூலொன்றையும் வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பரவிற்று. விளைவு யாது? தொட்டிகளை நிரப்புவதற்காகக் கரையோரப் பாறைக் குழிகளை மக்கள் வாரி வெறுமையாக்கினர். தந்தையார் ஊட்டிய ஆர்வமே அந்த அழகிய குழிகளின் அழிவுக்கு வழிவகுத்ததைக் கொஸ்ஸின் மகனார் பிற்காலத்தில் தமது நூலில் வருத்தத்தோடு எழுதியுள்ளார். வீட்டுக்குக் கடலைக் கொணர எண்ணுவோர் முதலில் அறியவேண்டிய வரலாறு இதுவே.

முருகைக்கல் என்று நம் கரையோர மக்கள் கூறுவது வெறுங் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு கட்டியெழுப்பிய கூடு அது. அவ்வுயிர்களின் தசையினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது. முருகை உயிர் அதற்கு உறையுள் கொடுக்கின்றது. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் இவ்வுறவு முறிந்து, பாசி வெளியேற, முருகை வெளிறிப்போகும். 1998 இல் இந்து சமுத்திரம் வெப்பமேறியபோது இக்கடுவை உட்பட இலங்கையைச் சூழ்ந்த முருகைப் பாறைகள் பல இவ்வாறே வெளிறி மாண்டன. கடலை ஆளும் அந்த விதிதான் கண்ணாடித் தொட்டியையும் ஆளுகின்றது; தொட்டியில் நீர் குறைவாதலால் விதி இன்னும் விரைவாகச் செயற்படும் என்பதே வேறுபாடு.

சிறு தொட்டி எளிது, பெருந்தொட்டி கடினம் என்று பலர் எண்ணுவர். உண்மை நேர்மாறானது. நீர் மிகுந்தால் வெப்பமும் உப்பும் மெல்ல மாறும். பிழையைத் திருத்த அவகாசமும் கிடைக்கும். 120 சென்ரிமீற்றர் நீளமும், 50 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 300 லீற்றர் கொள்ளும். நீரின் நிறை மட்டும் 300 கிலோகிராமுக்கு மேல். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு மூடை அரிசியின் பாரம் ஒரு மேசைமீது ஏறி நிற்கின்றது எனலாம். ஆகவே தாங்கும் மேசையும் அதன் கீழுள்ள நிலமும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது நீர். குழாய் நீரிற் குளோரீன் உண்டு. செப்புக் குழாய் வழியே வந்ததாயிற் செம்பும் கலந்திருக்கலாம். மீன் பொறுக்கும் செம்பை முருகையும் இறாலும் நத்தையும் பொறா. யாழ்ப்பாணத்தார் தம் கிணற்று நீரை நம்பலாமோ எனின், அதுவும் இயலாது. சுண்ணக்கல் நிலத்தடியிலிருந்து ஊறும் அந்நீர், தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்றைப் பல இடங்களில் மிகுதியாகச் சுமந்து வருகின்றது. மென்சவ்வினூடாக அழுத்திச் சுத்திகரித்த நீரே உகந்தது. அந்நீரில், முருகைத் தொட்டிக்கென ஆக்கிய உப்பை லீற்றருக்கு 35 கிராம் உப்புச்செறிவு வரும்வரை கரைத்துக் கொள்ள வேண்டும். கறிக்கு இடும் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரிலுள்ள மகனீசியம், கல்சியம் முதலியவை அதில் வேண்டிய அளவில் இல்லை.

தொட்டியின் உயிர்நாடி கல்லே. யகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும், இயற்கைக் கடல்நீரையும், சூரிய ஒளியையும், சிறு காற்றுக் குமிழிகளையும் மட்டுங்கொண்டு முருகைகளை வளர்க்கலாம் எனக் காட்டி 1961 இல் அதனை எழுதி வெளியிட்டார். பிறர் பொறிகளை நம்பியிருந்த காலத்தில், கல்லின் துளைகளில் வாழும் பற்றீரியாக்களே நீரைத் தூய்மையாக்கும் என்ற உண்மையை அவர் தொட்டி மெய்ப்பித்தது. மீனின் கழிவு அமோனியாவாகின்றது, அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாக்கும். கல்லின் ஆழத்தில், ஒட்சிசன் எட்டாத இருளில் வாழும் வேறு சில அதனை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்பும்.

இந்தோனேசியத் தொட்டிக்காரர் செய்ததை இன்று இலங்கையில் ஒருவர் செய்தல் கூடாது. இந்நாட்டுக் கடலிலிருந்து முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பது சட்டத்தால் விலக்கப்பட்டது. தென்மேற்குக் கரையில் அக்கல்லை வெட்டிச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கிய தொழிலால் கடலரிப்பு மிகுந்த கதை நாடறிந்தது. எனவே உலர்ந்த துளைக்கல்லையோ செயற்கைக் கல்லையோ இட்டு, முன்பே நிலைபெற்ற தொட்டியொன்றிலிருந்து ஒரு கைப்பிடி மணலையோ சிறு கல்லையோ பெற்று, அதிலுள்ள பற்றீரியாக்களைப் பரவவிடலாம். இதற்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும்; உலர்கல்லாயின் இன்னும் நீளலாம். இக்காலத்தில் மீன் விடலாகாது. அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையிற் காணப்படாத நிலை வரும்வரை வெறுங் கல்லையும் நீரையும் பார்த்துக்கொண்டிருப்பது எவருக்கும் எளிதன்று. முதலிற் கபில நிறப் படிவு ஒன்று எங்கும் பரவும். பின்னர் பச்சைப் பாசி தலைமயிர்போல் வளரும். தொட்டி கெட்டுவிட்டது என்று அஞ்சி எல்லாவற்றையும் கழுவுவோர் மீண்டும் முதல் நாளுக்கே திரும்புகின்றனர். பாசியைத் தின்னும் நத்தைகளை விட்டுச் சற்றே பொறுத்திருந்தால் அது தானே அடங்கும்.

1970 களிலும் 80 களிலும் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இம்முறையை மேலும் செப்பனிட்டனர். கடற்கரையில் அலை அடித்த இடத்தில் நுரை திரளுவதைக் காண்கிறோமன்றோ? நீரிலுள்ள அழுக்கு அக்குமிழிகளில் ஒட்டிக்கொள்கின்றது. அதே முறையில் நுண்குமிழிகளை எழுப்பி, திரண்ட நுரையைக் குவளையில் ஒதுக்கும் கருவியை அவர்கள் பயன்படுத்தினர். முருகை உண்ணும் கல்சியத்தை ஈடுசெய்யச் சுண்ணாம்புத் தெளிநீரைத் துளித்துளியாகச் சேர்த்தனர். வெற்றிலைத் தட்டத்திலுள்ள அதே பொருள்தான். எனினும் தூய்மையானதாக இருத்தல் வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் நீரின் காரம் ஏறி உயிர்கள் மடியும்.

இனி, புதியவர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகின்றது. ஆவியாவது நீரே, உப்பு அங்கேயே தங்கிவிடும். நூறு லீற்றர்த் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் குறைவதாகக் கொள்வோம். குறையை உப்புநீரால் நிரப்புபவர் நாள்தோறும் 70 கிராம் உப்பை மிகையாகச் சேர்க்கின்றார். பத்து நாளில் 35 கிராம் செறிவு 42 ஆகிவிடும். எனவே ஆவியான குறையை நன்னீரால் மட்டுமே நிரப்புதல் வேண்டும். உப்புநீர், பழைய நீரில் ஒரு பங்கை அகற்றி மாற்றும்போது மட்டும் தேவை.

குளிர்நாட்டார் நீரைச் சூடாக்கப் பொருள் செலவிடுவர். இந்நாட்டார் தணிக்கச் செலவிடுகின்றனர். நீர் 24 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று. நீரின் மேற்பரப்பில் விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை தணியும். அதற்கேற்ப ஆவியாதலும் மிகும். கொழும்பு வெயிலில் இதுவும் போதாதவிடத்துக் குளிரூட்டும் பொறி வேண்டும். அதன் விலையும் மின்கட்டணமும் தொட்டியைவிட மிஞ்சக்கூடும் என்பதை முன்னரே கணக்கிடுதல் அறிவு. மின்கம்பிகள் சுவர்த்துளைக்கு ஏறுமுன் சற்றுக் கீழே தொய்ந்து நிற்கவேண்டும். வழியும் நீர் அவ்விடத்திற் சொட்டி விழும்.

2022 இல் நாட்டில் மின்வெட்டு ஒருநாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை நீடித்தது. நீரோட்டம் நின்றால் முதலில் தீர்வது ஒட்சிசன். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக் குழாய்ப் பொறி இருந்தால் உயிர்கள் பிழைக்கும். அதுவும் இல்லையேல், அன்னா தின் அம்மையாரின் பணிப்பெண் செய்ததையே செய்யவேண்டும்: குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுதல்.

எவ்வுயிரை வாங்குவது என்பதிலேதான் மனச்சான்றுக்கு வேலை வருகின்றது. வண்ணாத்தி மீன்களுட் பல முருகையின் தசையையன்றி வேறொன்றும் உண்ணா. அவற்றைக் கடையிற் கண்டு அழகில் மயங்கி வாங்குபவர், சில கிழமைகளில் அவை பட்டினியால் மெலிந்து சாவதைக் காண்பார். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் சிறு நீலக்கோட்டு மீனும் பெரும்பாலும் அவ்வாறே மடிகின்றது. கடலில் அதன் பணியும் தடைப்படுகின்றது. இவற்றைக் கடலில் விட்டுவிடுதலே தகும். கோமாளி மீனோ தொட்டியிலேயே முட்டையிட்டு வளர்க்கப்படுவது. சிறு கூட்டத்தில் ஆதிக்கமுடையது பெண். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். இரண்டு கோமாளி மீன்களும், மெதுமுருகைகள் சிலவும், நத்தைகளும் முதலாண்டுக்குப் போதும். கடற்சாமந்தியும் கல்முருகையும் தொட்டி நிலைபெற்ற பின் வரலாம்.

பொத்தான்போலப் பூத்து நிற்கும் சிலவகை உயிர்களிற் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்தவர்கள் ஆவியைச் சுவாசித்து மருத்துவமனை சென்றதுண்டு. வெறுங்கையாலும் காயமுள்ள கையாலும் அவற்றைத் தொடலாகாது.

நன்கு வளர்ந்த முருகையின் ஒரு கிளையை ஒடித்துக் கல்லில் ஒட்டினால் அது தனி முருகையாக வளரும். பெர்லின் ஆர்வலர்களின் தொட்டியில் வளர்ந்த முருகைகள் இவ்வாறே துண்டுதுண்டாகப் பகிரப்பட்டுப் பல வீடுகளுக்குச் சென்றன. இன்று முருகை தேடுவோர், கடலிலிருந்து வந்ததை விலக்கி, இன்னொருவர் தொட்டியில் ஒடித்து வளர்த்த துண்டையே கேட்டுப் பெறலாம். தொட்டி நீரில் வாழப் பழகிய அது, கடலிலிருந்து வந்ததைக் காட்டிலும் எளிதில் வேர்கொள்ளும்.