நம்பகமான கைடு எது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கைடு' என்றாலே நமக்கெல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரிதான் ஞாபகம் வரும். நான் பேசப்போவது வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்குகிற கைடைப் பற்றி. "எல்லாம் போனிலேயே இருக்கே, புத்தகம் எதுக்கு?" என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். போனில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்கிறார்கள். யார் எப்போது போனார், யார் செலவில் போனார் என்பது தெரிவதில்லை. புத்தகத்துக்கு ஆசிரியர் உண்டு, பதிப்பு வருடம் உண்டு. ஆனால் அச்சில் வந்துவிட்டது என்பதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது.

2024-இல் அப்பா, அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப்போக முடிவு செய்தேன். அப்பாவுக்கு வயது 70, முழங்கால் வலி வேறு. இருவரும் சுத்த சைவம். 'இந்தத் தடவை சரியில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று சொல்ல முடியாத பயணம். அதனால், கம்பெனியில் ஒரு சப்ளையரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரிதான் புத்தகத்தையும் தேர்ந்தெடுத்தேன். நாலு சோதனைகள் வைத்தேன்.

முதல் சோதனை, தேதி. ரிவிஷன் நம்பர் பார்க்காமல் நாம் எந்த டிராயிங்கையும் கையில் எடுப்பதில்லை. கைடுக்கும் அதேதான். அட்டையில் 'புதிய பதிப்பு' என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். தகவல் திரட்டி, எழுதி, அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் புத்தகம் என்றால் இரண்டே கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும். டோக்கியோவின் மீன் மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து டொயோசுவுக்கு மாறிவிட்டது. வெளிச்சந்தைக் கடைகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கின. 'சூரை மீன் ஏலம் பார்க்க சுகிஜி போங்கள்' என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். அடுத்தது ரயில் பாஸ். 7 நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபர் 1 முதல் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான். முன்பு அந்த ஒரு பயணத்திலேயே பாஸ் காசு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். இப்போது எல்லாரும் வாங்க வேண்டும் என்று சொல்கிற புத்தகம் பழைய கணக்கை அப்படியே திருப்பி அச்சடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சோதனை, நம்ம ஊர். போகப்போகிற நாடு நமக்குத் தெரியாது. தெரிந்த ஊரை வைத்துத்தானே எடை போட முடியும்? அதே வரிசையில் இந்தியாவைப் பற்றிய புத்தகத்தை எடுத்து மதுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்துவார்கள் என்று இருக்கிறதா? சென்னை பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி, கோவை பஸ்ஸுக்கு ஆரப்பாளையம் என்று பிரித்துச் சொல்கிறார்களா? இதில் சறுக்கினால், தெரியாத ஊரில் எத்தனை இடத்தில் சறுக்கியிருப்பார்களோ!

மூன்றாவது சோதனை, எழுதியவர் நேரில் போனாரா என்பது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கைடு வெளியிட்ட கார்ல் பெடேக்கர், மிலான் தேவாலயத்தின் படிகளை எண்ணுவதற்கு இருபது படிக்கு ஒரு பட்டாணியை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றினார் என்றும், இறங்கும்போது அதே கணக்கைச் சரிபார்த்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம்ம சர்வே கேம்ப்பில் பார்த்த செக் ரீடிங்தான்! இதற்கு நேர்மாறாக, ஒரு பிரபல கைடு வரிசையில் கொலம்பியாவைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர், தான் அந்த நாட்டுக்கே போகவில்லை என்று 2008-இல் சொன்னார். அவர் எழுதியது வரலாற்றுப் பகுதி மட்டும்தான் என்று பதிப்பகம் விளக்கம் கொடுத்தது. ஆகவே எழுதியவர் குறிப்பைப் படியுங்கள். நேரில் போனவர் எழுத்தில் 'இந்த வாசலில் லிப்ட் இல்லை', 'இங்கே போகாவிட்டாலும் நஷ்டமில்லை' என்கிற மாதிரி வாக்கியங்கள் வரும். எல்லாமே அற்புதம், ஆனந்தம் என்று எழுதியிருந்தால் அது விளம்பரம்.

நான்காவது சோதனைதான் முக்கியம்: நம் தேவைக்குப் பதில் இருக்கிறதா? ஜப்பானில் மிசோ சூப்பைப் பார்த்தால் சைவம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் அடிப்படையான 'தாஷி' என்கிற சாறு பெரும்பாலும் காய்ந்த மீனில் செய்வது. 'காய்கறி உணவு கிடைக்கும்' என்று ஒரே வரியில் முடித்த புத்தகங்களை ஒதுக்கினேன். நான் வாங்கியது தாஷியை விளக்கி, கடையில் காட்ட ஜப்பானிய எழுத்தில் ஒரு வாக்கியமும் கொடுத்திருந்தது. புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' சமையலில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை என்றும் சொன்னது. கியோமிசு கோயிலுக்கு ஏற்றம் உண்டு, ஃபுஷிமி இனாரி மலைப்பாதையில் ஏகப்பட்ட படிகள் என்று எச்சரித்திருந்தது. அதனால் இனாரியில் அடிவாரத்தோடு திரும்பினோம். பல மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் மறுநாள் மூடுவார்கள் என்பதும் அதில் இருந்தது.

கியோட்டோவில் ஷோஜின் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, நாலு நாளாக பிரெட்டும் பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஒவ்வொரு கிண்ணமாகக் காலி செய்துவிட்டு, "நம்ம மடத்துச் சாப்பாடு மாதிரியே இருக்கேடா" என்றார். அந்தப் புத்தகத்தின் விலை அங்கேயே வசூலாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு நல்ல கைடாக இருந்தாலும் விசா விதி, கட்டணம், திறக்கும் நேரம் இந்த மூன்றையும் புறப்படும் முன் அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பில் சரிபார்த்துவிடுங்கள். எந்தப் பகுதியில் தங்குவது, எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது, எதை விடுவது, இதற்குத்தான் கைடு.

நம் பேட்ச்சில் பலர் இப்போது பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொண்டு கிளம்பும் வயதில் இருக்கிறோம். டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற நாம், புத்தகக் கடையில் ஒரு அரைமணி நேரம் நின்று புரட்டிப் பார்த்து வாங்கலாம், தப்பில்லை. நம் பெரியவர்களின் காலும் வயிறும் அதை நம்பித்தானே வருகின்றன.