சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க

மலைப்பாதையில கார் சூடாகி நின்னுட்டா, பலர் முதல்ல ரேடியேட்டர் மூடியைத்தான் திருகுறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். உள்ளே அழுத்தம் இருக்கறதால, 100 டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காம அடங்கி இருக்கும். மூடி கழண்ட அந்த நொடியே ஆவியும் வெந்நீருமா முகத்துல பீறிட்டு அடிக்கும். இன்ஜினை அணைச்சு, அரைமணி நேரமாவது ஆற விடுங்க. ரேடியேட்டரோட மேல் ஹோஸ் நல்லா ஆறின பிறகு, தடிமனான துணியைப் போட்டு மெதுவா திருகுங்க.

போர் தண்ணி ஊத்துற பழக்கமும் கூடாது. அதுல இருக்கற உப்பு, ரேடியேட்டரோட மெல்லிய குழாய்கள்ல படிஞ்சு அடைச்சுடும். கார் கையேட்டுல சொன்ன கெடுவுல, இன்ஜினைக் குளிர்விக்கற திரவமான கூலன்ட்டை மாத்திடுங்க. துரு நிறத்துல வந்தா உள்ளே அரிப்பு இருக்குன்னு அர்த்தம், மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

வடிச்ச கூலன்ட்டைத் தெருவுல கொட்டாதீங்க. அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா விஷம். நாய் நக்கினா செத்தும் போகலாம்.